அரக்குப் புடவையும் ஐந்து ராணிகளும்

1945 மார்ச் 12, திங்கள்

இன்று பள்ளிக்கூடத்துக்கு ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மரப்பெட்டி வந்தது. மேலே பள்ளிகளின் இன்ஸ்பெக்டரஸ் அம்மாவின் கையெழுத்தில் என் விலாசம்: ஜெயம்மா, தையல் ஆசிரியை, பெண்கள் பள்ளி, திருத்தணி. என் பெயர் போட்டு ஒரு பார்சல் வந்து எத்தனை வருஷம்! என்னைப் பெற்ற நைனா போன பிறகு எனக்கு வருகிற தபால், அரக்கோணத்திலிருந்து தம்பி கங்காதரன் போடும் தீபாவளிக் கார்டு ஒன்றுதான்.

உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் ஐந்து சீமைப் பொம்மைகள். குழந்தைப் பொம்மைகள் இல்லை, வளர்ந்த துரைசானிகள். ஒரு முழ உயரம். முகமும் கையும் பீங்கான், உடம்பு தோலில் தைத்து மரத்தூள் அடைத்தது. மேலே ஒரு நூல் துணி இல்லை. சீமைக்குத் திரும்பிப் போன ரயில்வே இஞ்சினியரின் மனைவி விட்டுப் போனவையாம். அக்டோபரில் சித்தூரில் ஜில்லாக் கண்காட்சி. ஐந்துக்கும் பழைய காலத்து அரசிகளின் உடையை நான் தைக்க வேண்டும். பல்லவர், சோழர், விஜயநகரம், மதுரை நாயக்கர், தஞ்சாவூர் மராட்டியர். "சரித்திரப்படி இருக்க வேண்டும்" என்று கடிதத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

துணிக்கு என்ன வழி என்று ஒரு வரி இல்லை. ஊரே கண்ட்ரோல் துணிக்கு வரிசையில் நிற்கிறது. ராணிகளுக்கும் ரேஷன் கார்டு எழுதித் தருவார்களா என்று கேட்டு எழுத நினைத்தேன். வேலை போய்விடும்.

மார்ச் 15

பொம்மைகளை அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பள்ளியில் வைத்தால் பிள்ளைகள் மூக்கை உடைத்துவிடுவார்கள். ட்ரங்குப் பெட்டியின் மேல் வரிசையாக உட்கார வைத்தேன். சாப்பிடும்போது ஐந்து பேரும் என்னையே பார்த்தார்கள். ரசம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன்.

வீட்டுக்கார குப்பம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பொம்மைக்கு சீல கட்டற வயசாம்மா இது? புள்ளைக்கு சட்ட தெக்கிற வயசு."

அவளுக்கு வாய்தான். மனசில் விஷம் இல்லை. ஆனாலும் தைத்தது.

மார்ச் 18, ஞாயிறு. கிருத்திகை

மலையேறவில்லை. அடிவாரத்தில் சரவணப் பொய்கைப் பக்கம் நெசவுக்காரர்கள் பாய் விரித்துப் புடவை விற்பார்கள், அங்கே போனேன். இருந்ததே ஆறேழு பேர். நூல் கிடைக்கவில்லையாம். அம்மையார்குப்பத்துக்காரர் ஒருவர், ஜம்புலிங்கம் என்று பெயர், நாலே நாலு புடவையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொம்மைக்கு அரை கஜம் வேண்டும், கரை ஒரு விரலுக்கு மேல் போகக்கூடாது என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதுவே ஆச்சரியம். "அர கஜத்துக்கு பாவு ஓட்ட முடியாதுங்க டீச்சரம்மா. ஓட்டினா முழுசா ஓட்டணும். பொம்ம எம்மாம் ஒசரம்?" என்றார்.

கையால் காட்டினேன். அவர் உதட்டை அசைத்து எதையோ எண்ணினார். இழைக் கணக்காம்; பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூலாம். அப்புறம், "யோசிக்கறேன்" என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதர் என் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு யோசிக்கிறேன் என்று சொன்னதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேனே!

மார்ச் 27

ஊர்க்கோடிச் சிவன் கோயிலுக்குப் போய்க் கற்சிலையின் இடுப்புத் துணியில் எத்தனை மடிப்பு என்று எண்ணினேன். பதினொன்று. குருக்கள் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா வேண்டுதல்?" என்றார். "மடிப்பு" என்றேன். நகர்ந்துவிட்டார்.

அந்தக் காலத்து ராணிகளுக்கு மேலே ரவிக்கை இல்லை. கல்லில் தெளிவாக இருக்கிறது. ஹெட்மிஸ்டிரஸிடம் சொன்னேன். "ஐயையோ, கலெக்டர் வருவார்! ஜாக்கெட் போட்டுவிடுங்கள்" என்றார். பல்லவ ராணிக்குப் பஃப் கை ஜாக்கெட்! மாட்டேன். பாசிமணி மாலையாகக் கோத்து மார்பு தெரியாமல் போட்டுவிடுவேன். சரித்திரத்துக்கும் குறையில்லை, கலெக்டருக்கும் குறையில்லை.

ஏப்ரல் 15, கிருத்திகை

ஜம்புலிங்கம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். குப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்கிற சாக்கில் காவல் இருந்தாள்.

பொம்மையைக் கையில் வாங்கினார். துணி இடுப்பில் நிற்காமல் வழுக்குகிறது என்று சொன்னேன். இடுப்பு என் மணிக்கட்டு அளவுதான், அதுவும் வழவழவென்று தோல். பழைய கொசுவலைத் துணியை முதலில் இறுக்கிச் சுற்றிவிட்டு அதன்மேல் கட்டினால் பிடிக்கும் என்றார். சுற்றினேன். பிடித்தது. கஞ்சி போட்டுச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்து, மேலே சுடுதண்ணீர்ச் செம்பை வைத்து அழுத்துவேன் என்று நான் காட்டினேன். "அடே!" என்றார். பெரிய மனிதர் ஒருவர் அடே என்று சொல்லும்படி நான் எதையும் செய்து காட்டியதில்லை.

மனைவி இறந்து நாலு வருஷமாம். குழந்தை இல்லை. அக்கா எல்லம்மாள்தான் சமைத்துப் போடுகிறாளாம். கேட்காமலே சொன்னார்.

மே 10

பத்து நாளாக அரக்கோணத்தில் இருந்தேன், தம்பி வீட்டில். இன்று திரும்பிவிட்டேன். பள்ளியில் வேலை என்று சொன்னேன். கோடை விடுமுறையில் பள்ளியில் என்ன வேலை என்று கங்காதரன் கேட்கவில்லை. அவன் பெண்டாட்டி வண்டி நேரத்தை மட்டும் கேட்டாள்.

பொய் சொல்லித் திரும்பி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நாளை மறுநாள் கிருத்திகை.

மே 12

வந்தார். அரைமணி இருந்தார். மராட்டிய ராணிக்குப் பின்கொசுவம் வைப்பது பற்றிப் பேசினோம். போய்விட்டார். இனி இருபத்தேழு நாள்.

ஜூன் 8, வெள்ளி. கிருத்திகை

பள்ளி விட்டு வந்தபோது வாசலில் காத்திருந்தார். விஜயநகர ராணிக்கு எப்படிப்பட்ட துணி வேண்டும் என்று கேட்டார். எனக்கு ஆசை இருந்ததைச் சொன்னேன்: அரக்கு நிறம், அரை விரல் கரை, உடம்பெல்லாம் அரிசி அளவு பூ. கடையில் இப்படி யாரும் நெய்வதில்லை, கரை கண்ணைப் பறிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு என்னவோ சின்னக் கரைதான் பிடிக்கும் என்றேன். "ஆங்" என்றார்.

அவர் போனதும் குப்பம்மாள் சொன்னாள்: "உன்னப் பத்தி விசாரிச்சிகினு இருந்தாரு. உங்க ஆளுங்கதானாமே அவங்களும்?"

எங்கள் ஆட்கள்தான். ஆனால் தாத்தாவோடு தறி போயிற்று. நைனா ரயில்வேயில் சேர்ந்தார். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், தறிக்குழியை எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

இதை இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. பதினெட்டு வயதில் தட்டு மாற்றி நிச்சயம் செய்து, பத்திரிகை அடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம்கூட யாருக்கும் தெரியாது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் "முதலில் ஏன் நின்றது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் நைனாவுக்குக் கைகால் விழுந்தது. அப்புறம் கேட்பார் இல்லை. இந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டால் நான் சரி என்று சொல்லிவிடுவேன். ஆனால் அவர்தான் கேட்க வேண்டும். வலியப் போய் நிற்க என்னால் ஆகாது.

ஜூலை 5, கிருத்திகை

ஓடி வந்தேன். அவர் வரவில்லை. குப்பம்மாள் ஒரு துணி மூட்டையை நீட்டினாள்.

"அவுங்க அக்கா வந்துச்சு, எல்லம்மாவாம். இத்த உன் கையில குடுக்கச் சொல்லிச்சு. ஆடிக் கிருத்திகைக்கு வந்து பாக்கறேன்னிச்சு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற இன்னா சொல்லணும்? மழ வருதுன்னு ஓடிப்போச்சு."

பிரித்தால் அரக்கு. அரை விரல் கரை. அரிசிப் பூ. முழுப் புடவை! அரை கஜத்துக்குப் பாவு ஓட்ட முடியாது என்றவர், பொம்மைகளுக்காக ஒரு பாவையே ஓட்டிவிட்டார். அவசரமாகத் தறியிலிருந்து இறக்கியிருக்கிறார். இரண்டு தலைப்பிலும் நூல் தொங்குகிறது, முடிச்சுக்கூடப் போடவில்லை. மூலையில் மஞ்சள், புதுத் துணிக்கு எல்லாரும் வைக்கிறதுதான்.

கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தரம் தோளில் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி சின்னது, பாதி முகம்தான் தெரியும். பிறகு மடித்து வைத்துவிட்டேன். பள்ளிக்கூட வேலைக்கு வந்த துணியைக் கட்டிக்கொள்ள எனக்கு என்ன உரிமை?

ஜூலை 7, சனி

வெட்டினேன். முதலில் தலைப்பில் தொங்கின நூலை ஒழுங்காகக் கத்தரித்தேன். பிறகு துணியில் கத்திரி வைக்க மனசு வரவில்லை. துணிப் பஞ்சத்தில் ஆறு கஜத்தையும் சீரழிக்கிறோமே என்று. அவரே அனுப்பியிருக்கிறார், எனக்கென்ன என்று வெட்டிவிட்டேன்.

புடவையை மூன்றாகப் பிரித்தேன். விஜயநகர ராணிக்கு உடம்புத் துணி, நாயக்க ராணிக்குக் கொசுவம், மராட்டிய ராணிக்குப் பின்கொசுவம். பத்தாம் நம்பர் ஊசி. தையல் வெளியே தெரியாது. தெரிந்தால் என் பெயர் ஜெயம்மா இல்லை.

ஜூலை 29

முடிந்தது. ஐந்து பேரும் தயார். விஜயநகரத்தாள் கொஞ்சம் கர்வி, தலையைத் தூக்கியபடியே இருக்கிறாள். பல்லவ ராணிக்குப் பாசிமணி ஏழு சரம். ஹெட்மிஸ்டிரஸ் வந்து பார்த்தார், ஜாக்கெட் பேச்சையே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை ஆடிக் கிருத்திகை. அவர் அக்கா வருகிறாள். அவரும் வருவார். காட்டுவேன். அவர் "அடே!" என்று சொல்ல வேண்டும், அது போதும். இல்லை, போதாது.

ஆகஸ்ட் 2, ஆடிக் கிருத்திகை

ஊர் முழுக்கப் பூக்காவடி. ரயிலிலும் வண்டியிலும் ஜனம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தில்தான் இது நடந்தது.

எல்லம்மாள் பதினோரு மணிக்கு வந்தாள். நல்ல புடவை, தலை நிறையப் பூ, கையில் தட்டு. தட்டில் தேங்காய், பழம், பூ, வளையல். பின்னால் இரண்டு பெண்டுகள். அவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டாராம். இவ்வளவு பேர் பொம்மை பார்க்க வருகிறார்களா என்று நினைத்தேன். முட்டாள். நான் என் பழைய நீலப் புடவையில் இருந்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். முகம் கொஞ்சம் வாடிற்று. உள்ளே கூப்பிட்டு, "பாருங்க" என்று ட்ரங்குப் பெட்டியைக் காட்டினேன்.

பார்த்தாள். கிட்டப் போய் விஜயநகர ராணியின் முந்தானையைத் தொட்டாள்.

"வெட்டிட்டியா?"

எனக்குப் புரியவில்லை.

"கண்ட்ரோல் நூலு. மூணு மாசம் சேத்து வெச்சி நெய்ஞ்சான். தறியில இருந்து எறக்கின சீலைய நூலுக்கு முடிச்சு போடாத அனுப்பினா, பொண்ணு முடிச்சு போட்டு கிருத்திகைக்கு கட்டிகினு நிக்கணும். புடிக்கலன்னா அப்படியே திருப்பி அனுப்பணும். எங்க வூட்ல அதான் பழக்கம். உங்க ஆத்தா சொல்லிக் குடுக்கலையா? வேணாம்னா வேணாம்னு சொல்றது. கத்திரிக்கோலாலயா பதில் சொல்லுவாங்க?"

அம்மா நான் நாலு வயதிலேயே போய்விட்டாள். யார் சொல்லிக் கொடுப்பார்கள்! தெரியாதுங்க என்று சொல்ல வேண்டியதுதானே. காலில் விழுந்து சொல்ல வேண்டியதுதானே. அந்த இரண்டு பெண்டுகளும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. வகுப்பில் பேசுகிற குரலில், "பள்ளிக்கூட வேலைக்கு வந்த துணியை வெட்டாமல் என்ன செய்வார்கள்?" என்றேன்.

நானா அப்படிச் சொன்னேன்? நான்தான்.

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஓடிப்போய்த் தெருமுனையில் பிடித்திருக்கலாம். காவடிக் கூட்டம் குறுக்கே வந்தது. அது சாக்கு. நான் வாசற்படியைத் தாண்டவில்லை.

ஆகஸ்ட் 3

குப்பம்மாள் மெதுவாக வந்து உட்கார்ந்தாள். "அன்னிக்கு அந்த சீல மேல வெத்தல பாக்கு மஞ்சா கெயங்கு வெச்சிருந்துச்சும்மா அந்தம்மா. நீ வர நேரமாவுது, வெத்தல வாடிப்பூடுமேன்னு நான் போட்டுக்கினேன். மஞ்சாவ கொயம்புக்கு அரச்சிட்டேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் நானும் அழுதேன். வெற்றிலையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குச் சம்பந்தம் வந்தது, அதை மென்று துப்பிவிட்டாள். அவளை என்ன சொல்ல? அவள் மென்றது வெற்றிலை. புடவையை வெட்டியது நான்.

ஆகஸ்ட் 15

யுத்தம் முடிந்துவிட்டதாம். பள்ளியில் மிட்டாய் கொடுத்தார்கள். என் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 29, கிருத்திகை

அவர் வருவார் என்று இருந்தேன். வந்தால் முதல் வார்த்தையே, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தேன். மாலை வரைக்கும் வாசலிலேயே நின்றேன். பொய்கைப் பக்கமும் போய்ப் பார்த்தேன். மற்ற நெசவுக்காரர்கள் இருந்தார்கள். விசாரிக்காமலே திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 6

கடிதம் எழுதினேன். "தாங்கள் அனுப்பிய புடவையின் பொருள் அறியாமல்..." பரீட்சைப் பேப்பர் மாதிரி இருந்தது. கிழித்தேன். இன்னொன்று. அதில் மன்னிப்பு நாலு தடவை. அதையும் கிழித்தேன். மூன்றாவதில் ஒரே வரி: எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் கட்டியிருப்பேன். அதை உறையில் போட்டேன். அந்த ஊரில் தபாலை யார் பிரித்து யார் படித்துச் சொல்வார்களோ! ஊர் சிரிக்காதா? ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 26

நேற்றுக் கிருத்திகை. வரவில்லை.

போய்விட்டு வந்தால் என்ன? நாளைக்கே பஸ் ஏறலாம். ஏறிப் போய் என்னவென்று சொல்வது? "என்னைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்தேன்" என்றா? கண்காட்சி முடியட்டும். ஒரு காரியம் சொல்லிக்கொண்டு போனால் கௌரவமாக இருக்கும்.

அக்டோபர் 12, சித்தூர்

மூன்று நாளாகக் கண்காட்சி. ஐந்து ராணிகளைப் பார்க்க நெரிசல். கலெக்டரின் மனைவி விஜயநகரத்தாளின் முன் வெகுநேரம் நின்று, இந்தத் துணி எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். கிடைக்காது என்றேன்.

முதல் பரிசு. சர்டிபிகேட்டில் என் பெயருக்குக் கீழே "துணி நெய்தவர்: ஜம்புலிங்கம், அம்மையார்குப்பம்" என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். இன்ஸ்பெக்டரஸ் அம்மா புருவத்தைத் தூக்கினார், ஆனாலும் எழுதினார். பொம்மைகளைச் சென்னை டிரெயினிங் ஸ்கூலுக்கு அனுப்பப்போகிறார்கள். என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்கள். பெட்டியில் வைக்கோலை நானே பரப்பி ஐந்து பேரையும் படுக்க வைத்தேன்.

அறைக்குப் போனால் ட்ரங்குப் பெட்டி வெறும் பெட்டியாக இருக்கும்.

அக்டோபர் 20, சனி

இன்று போனேன். ஆர்.கே.பேட்டை வரைக்கும் கரியில் ஓடுகிற பஸ். மேட்டில் நின்றுவிட்டது, எல்லாரும் இறங்கித் தள்ளினோம். நானும் தள்ளினேன். பிறகு அம்மையார்குப்பத்துக்கு ஒரு வண்டி. கையில் சர்டிபிகேட், கைப்பையில் அந்த மூன்றாவது கடிதம்.

தெருவெல்லாம் தறிச் சத்தம். அவர் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. மேலே ஏறி வந்து, "வாங்க டீச்சரம்மா" என்றார். அக்கா வீட்டில் இல்லை. மோர் கொடுத்தார். சர்டிபிகேட்டைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்தார். இரண்டு தரம் படித்தார். "சர்க்கார் காயிதத்துல எம்பேரு" என்றார்.

அப்புறம் அவராகவே சொன்னார்.

"பள்ளிப்பட்டுல பொண்ணு பாத்தாங்க. மணியம்மைன்னு பேரு. விஜயதசமி அன்னிக்கு தட்டு மாத்திகினோம். தையில கல்யாணம்."

விஜயதசமி இந்த வாரம்தான். நான் சித்தூரிலிருந்து திரும்பி வந்து, துணி துவைத்துப் போட்டு, சனிக்கிழமை வரட்டும் என்று உட்கார்ந்திருந்த வாரம்.

சந்தோஷம் என்றேன். குரல் சரியாகத்தான் இருந்தது.

"ரெண்டு கிருத்திக பாத்தேங்க. நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லி அனுப்புவீங்கன்னு. வேணாம்னு வெட்டின வூட்டுக்கு நான் எப்டி வர்றது?" சர்டிபிகேட்டைச் சுவர் மாடத்தில் வைத்தார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். அக்கா, நீங்க தெரிஞ்சுதான் வெட்டினீங்கன்னு சொல்றா. எனக்கு மனசு ஒப்பல. தெரிஞ்சா வெட்டினீங்க?"

கைப்பையில் கடிதம் இருந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் என்ன செய்வார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பள்ளிப்பட்டுக்கு ஆள் அனுப்புவார். தட்டு திரும்பிப் போகும். அந்தப் பெண் ஒன்றும் செய்யவில்லை, பதினெட்டு வயதில் நானும் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் அவளைப் பார்க்க வருகிறவன் ஒவ்வொருவனும் முதலில் ஏன் நின்றது என்று கேட்பான். எனக்கு அது தெரியும். இந்த உலகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"தெரிஞ்சுதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப சரி" என்றார். கோபம் இல்லை. வண்டி வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டார்.

அய்யோ, ஏன் அப்படிச் சொன்னே, ஏண்டி சொன்னே! வண்டி முழுக்க இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். பதில் தெரிந்த கேள்வி. தெரிந்தால் மட்டும் வலிக்காமலா இருக்கும்?

அக்டோபர் 21

கடிதத்தை அடுப்பில் போட்டேன். அதன்மேல் உலை வைத்தேன்.

நவம்பர் 19

கார்த்திகை. குப்பம்மாள் என் வாசலிலும் இரண்டு அகல் ஏற்றி வைத்தாள். நான் மலையைப் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவில்லை.

1946 ஜனவரி 1

நேற்றிலிருந்து படித் திருவிழா. படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுகிறார்கள். கங்காதரனிடமிருந்து கார்டு: பொங்கலுக்கு வா. "வர முடிந்தால்" என்று கடைசியில் சேர்த்திருக்கிறான். முடியாது என்று எழுதினேன். இந்தத் தடவை பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 9

எல்லம்மாள் வந்தாள்! கூட ஒரு பெண். பதினேழு வயது இருக்கும். ஒல்லி. தரையையே பார்த்துக்கொண்டு நின்றது.

"பொண்ணுக்கு கல்யாண ஜாக்கெட் தெக்கணும். பேட்டையில ஒரு தையக்காரன்கீறான், அவன் தெச்சா மூட்ட கட்டின மாதிரி இருக்குது. தம்பிதான் சொன்னான், டீச்சரம்மா கைத்தையல் மாதிரி வராதுன்னு. அன்னிக்கு நானும் நாலு வார்த்த ஜாஸ்தி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதம்மா."

தை பதினைந்தாம் தேதி கல்யாணமாம். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "அக்கா, பஃப் கை வெப்பீங்களா?" என்று கேட்டது. அவ்வளவு ஆசை அந்தக் குரலில். எங்கேயோ ரயிலில் வந்த ஒரு மெட்ராஸ் பெண் போட்டிருந்தாளாம்.

வைப்பேன் என்றேன்.

நாடாவை எடுத்து அளந்தேன். தோள், மார்பு, கை. போன வருஷம் பீங்கானையும் தோலையும் அளந்த கை. இவள் மூச்சு விட்டாள், நாடா விரிந்தது. கழுத்துக்கு அளவெடுக்கும்போது கூச்சத்தில் சிரித்துவிட்டாள். எல்லம்மாளும் சிரித்தாள். நானும்.

அவர்கள் போன பிறகு அடுப்புப் பற்றவைக்க வெகுநேரம் ஆயிற்று.

ஜனவரி 17

ஜாக்கெட் முடிந்தது. ஆரஞ்சுப் பட்டுத் துண்டு, பள்ளிப்பட்டுக்காரர்கள் எப்படியோ தேடிப் பிடித்திருக்கிறார்கள். பஃப் கைக்கு ஒன்பது சுருக்கம். பொம்மைக்குப் போடுகிற அதே பொடித் தையல்தான் போட்டேன், மாலை வெளிச்சம் போகும் வரைக்கும். ஒரு இடத்தில் பிசகிற்று. பிரித்து மறுபடி போட்டேன். யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனாலும்.

பக்கத் தையலில் இரண்டு விரல் துணியை உள்ளே மடித்து விட்டிருக்கிறேன். ராணிகளுக்கு அப்படி விட்டதில்லை, விட வேண்டியதும் இல்லை. இந்தப் பெண் சின்னவள். இன்னும் உடம்பு வைக்கும், வருஷம் திரும்பினால் பிள்ளை பெறுவாள், இறுக்குகிறது என்பாள். அப்போது பிரித்து விட்டுக்கொள்ளலாம். உள்தையல் மட்டும் கொஞ்சம் நீளமாகப் போட்டேன், யார் பிரித்தாலும் துணி கிழியாமல் வரும். நாளைக்குக் குப்பம்மாளிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.